பச்சை எரிந்த கை

மதினியின் கையில் பச்சை விளக்கு எரிந்தது. என் கையில் சிவப்பு. விஷயம் இவ்வளவுதான். இதற்காக நான் பட்ட பாட்டை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நாங்கள் பதினான்கு பெண்கள் ஒரு செட்டாக வேலைக்குப் போகிறோம். கவாத்து வெட்டுவது, கொடியை இழுத்துக் கட்டுவது, குலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் கழிப்பது எல்லாம் எங்கள் வேலை. பந்தல் தலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்ணாந்தபடி, கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். பந்தலுக்குள் வெயில் விழாதே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வெயில் விழாதுதான், காற்றும் வராது. சித்திரை மாதத்தில் வாரத்துக்கு ஒருத்தியாவது மயங்கி விழுவாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, மோர் கொடுத்து, வரப்பில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் அவளுடைய வரிசையையும் சேர்த்துப் பார்ப்போம்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் தேனியில் காலேஜில் படிக்கும் ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். நாங்கள் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டோம். கையில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையைக் கொண்டுவந்தாள். உடம்புச் சூடு, நாடித்துடிப்பு இரண்டையும் அது குறித்து வைத்துக்கொள்ளுமாம். மயக்கம் வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கலாமாம்.

முதலில் வந்த பட்டைக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். எங்கள் வீடுகளில் பிளக் இல்லாமல் இல்லை, பிளக்குக்கு முன்னால் வரிசை இருக்கிறது. வீட்டுக்காரர் போன், மகன் போன், மகள் போன், அப்புறம் மிக்ஸி. வீட்டுப் பொம்பளையின் பட்டைக்கு முறை வருவதற்குள் வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். பத்தே நாளில் பதினான்கும் செத்துப்போயின. பட்டன் செல் போட்டுத் தரவா என்றாள் பாப்பா. தீர்ந்த செல்லை எல்லாம் எங்கே போடுவது என்று தோட்டக்காரர் கேட்டார். கொடிக்கு அடியில்தான் கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் நின்றுபோனது.

மூன்றாவது தடவை வரும்போது பாப்பாவின் முகமே வேறு மாதிரி இருந்தது.

"இதுக்கு சார்ஜே வேணாம்க்கா. செல்லும் வேணாம். உள்ள ஒரு சின்ன குண்டு இருக்கு. நீங்க கையை ஆட்டுனா அதுவும் ஆடும். அது ஆடுனா கரண்டு வரும். உங்க கைதான் இதுக்கு கரண்டு ஆபீஸ்."

பட்டையின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. கரண்டு நிறைய இருந்தால் பச்சை, பாதி என்றால் மஞ்சள், தீரப்போகிறது என்றால் சிவப்பு. ராத்திரியும் கழற்ற வேண்டாம், முதல் மாதம் நாடி, சூடு எதையும் பார்க்கப்போவதில்லை, கரண்டு நிற்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாப் பட்டையும் கறுப்பு, ஒன்றுபோல இருந்தன. நம்பர் உள்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அடையாளத்துக்கு ஆளுக்கொரு நூல் கட்டிக்கொண்டோம். நான் பழைய சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூல் உருவிக் கட்டினேன். மதினி குச்சனூர் கோயிலிலிருந்து வாங்கிவந்த கறுப்புக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாப்பா வந்து பார்த்தபோது பதின்மூன்று சிவப்பு, ஒரே ஒரு பச்சை. பச்சை மதினியுடையது.

காரணம் சின்னதுதான். நாங்கள் பதின்மூன்று பேரும் வாட்ச் கட்டுகிற மாதிரி இடது கையில் கட்டியிருந்தோம். சோறு பிசைகிற கையில் யாராவது வாட்ச் கட்டுவார்களா? இடது கை கொடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். மதினி மட்டும் வலது கையில் கட்டியிருந்தாள். "பாப்பாதான் ஆடுற கையின்னு சொல்லுச்சுல்ல" என்றாள், ஏதோ பெரிய படிப்பு படித்தவள் மாதிரி.

எல்லோரும் வலது கைக்கு மாற்றினோம். மற்றவர்களுக்கு மஞ்சள் வந்தது. எனக்கு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஊசலாடி, வெள்ளிக்கிழமை ஆனால் சரியாகச் சிவப்பில் வந்து நின்றது. மதினிக்கு எப்போதும் பச்சை.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் செட்டில் கத்தரி பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மதினி ஒரு வரிசையை முடிப்பதற்குள் நான் இரண்டாவது வரிசையில் பாதி போயிருப்பேன். வேலைக்கு ஏற்ற வெளிச்சம் என்றால் அந்தப் பச்சை எனக்குத்தானே வர வேண்டும்? பாப்பாவிடமே கேட்டேன்.

"நீங்க கையைத் தூக்கி அப்படியே நிப்பாட்டிர்றீங்கக்கா. விரல்தான் வேலை செய்யுது. மணிக்கட்டு அசையவே இல்ல" என்றாள். வேகமாக வேலை செய்யத் தெரிந்தது ஒரு குற்றமாகப் போயிற்று.

அடுத்த வாரம் பாப்பா மதினியின் கையைப் படம் பிடித்தாள். திராட்சைக் குலையைத் தொட்டபடி கை, கையில் பட்டை, பட்டையில் பச்சை. காலேஜில் பெரிதாக அச்சடித்து மாட்டப் போகிறார்களாம். நகக்கண்ணில் திராட்சைக் கறை ஏறிய, காய்த்துப்போன கை. என் கையும் அதே கைதான். இத்தனை வருஷத்தில் என் கையை யார் படம் பிடித்தார்கள்? அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அவளுக்கு நான் அக்கா முறை ஆக வேண்டும்.

மதினி எனக்கு அடுத்த வீட்டுக்காரிதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பெரியப்பா வழி அண்ணனைக் கட்டியவள். அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முன்னறைக் கட்டிலில்தான் இருக்கிறார். மகளைப் போடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மதினி காலையில் அவருக்கு எல்லாம் செய்துவைத்துவிட்டு வேலைக்கு வருவாள். மதியம் நாங்கள் பந்தலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிற நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். "புருசன் மூஞ்சியப் பாக்காம ஒரு மத்தியானம் கழியாதாக்கும்" என்று பின்னாலேயே கேலி பேசுவோம்.

அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரோடு சிரிக்க அப்படி என்னதான் இருக்கும்? கை கால் நன்றாக இருக்கிற என் வீட்டுக்காரர் என்னிடம் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம்.

பச்சைக்காக நான் செய்யாத கூத்து இல்லை. தோட்டத்துக்கு நடந்து போகும்போது பரேடு போகிறவள் மாதிரி கையை வீசிப் போனேன். மிக்ஸி இருக்கும்போதே துவையலை அம்மியில் அரைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டையைக் கழற்றி எங்கள் வெள்ளாட்டின் முன்னங்காலில் கட்டிவிட்டேன். ஒரு நாளும் ஒரு இடத்தில் நிற்காத ஆடு, அன்றைக்குப் பார்த்து வேப்பமரத்து நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டே இருந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஆட்டைத் திட்டினேன், அது என்னைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. அவளுக்கு வாய்த்த பட்டை நல்ல பட்டை. எனக்கு வந்தது ஓட்டை. தோன்றியது என்ன, நம்பவே ஆரம்பித்துவிட்டேன்.

மருந்து அடிக்கிற நாளில் பட்டையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று பாப்பா சொல்லியிருந்தாள். பந்தலைத் தாங்கும் கல்தூணில் சுற்றியிருக்கிற கம்பியில் பதினான்கையும் மாட்டிவிட்டு எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் திரும்பி வந்தேன். சிவப்பு நூலை அவிழ்த்து அவள் பட்டையில் கட்டினேன். கறுப்புக் கயிற்றை அவிழ்த்து என் பட்டையில் கட்டினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அதிலாவது கொஞ்சம் கரண்டு ஏறியிருக்கும்.

ஒரு நாள் முழுக்க என் கையில் பச்சை எரிந்தது. எல்லோரிடமும் காட்டினேன். மறுநாள் மத்தியானம் மஞ்சள். அதற்கு அடுத்த நாள் சிவப்பு. மதினியின் கையைப் பார்த்தேன். என் ஓட்டைப் பட்டை அங்கே போய்ப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பட்டையில் குறை இல்லை என்று அப்போதே புரிந்தது. ஆனால் திருப்பி மாற்றவில்லை. மாற்ற ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் மாதமும் முடிந்தது. இனி நாடியையும் பார்ப்போம் என்று பாப்பா போனில் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல எல்லோருடைய பட்டையையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே இருக்கிற நம்பருக்கு யார் பேர் பதிந்திருக்கிறதோ அந்தப் பேர் போனில் வரும். நூல் கணக்கு எங்களுக்கு, நம்பர் கணக்கு போனுக்கு. ஒரு பட்டையிடம் வந்ததும் அவள் முகம் மாறியது. என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க தூங்குறதே இல்லையா? படுத்த நேரத்துலயும் உங்களுக்கு நாடி கொறையவே இல்லையே. நடுநடுவுல தாளம் தப்புது. நெஞ்சு படபடன்னு வருதா? மூச்சு வாங்குதா?"

 அவள் கையில் இருந்தது கறுப்புக் கயிறு கட்டிய பட்டை. கயிற்றை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரம் மதினியின் மணிக்கட்டில் இருந்தது. அது துடித்த துடிப்பு மதினியுடையது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி உட்காரச் சொன்னாள். ஒருத்தி விசிறினாள். மதினி தன் தூக்குவாளியிலிருந்த மோரை என்னிடம் நீட்டினாள்.

"நீ உக்காருத்தா. உன் வரிசைய நான் பாத்துக்கிர்றேன். கண்ணு பட்டுருச்சு உனக்கு, வேற ஒண்ணுமில்ல."

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதமாக அவளைச் சுற்றி நின்ற கூட்டம் இன்றைக்கு என்னைச் சுற்றி நின்றது. அந்தச் சுகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. வரப்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்தேன். என்னுடைய வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவள், நாலு குலைக்கு ஒரு தரம் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இத்தனை நாள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பாப்பா என்னைத் தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், பாப்பா போனில் இருந்த பட்டைக் கணக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. இந்தப் பேண்டு காட்டுறது நிஜம்னா அந்த ஆளு இப்படி நடந்து வந்து உக்கார முடியாது. மிஷின்ல ஏதோ கோளாறு."

பாப்பாவின் கண் கலங்கிவிட்டது.  அந்த ஆள் இப்போது எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டுகிற வரைக்கும் எப்படிச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று யோசித்தேன். உத்தமபாளையம் வருவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவள் செத்துப்போனால், அவள் பேரில் இருந்த துடிப்பை என் பேரில் எழுதிக்கொண்டவள் நான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மதினி வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கை கால்கூடக் கழுவவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று, அண்ணனின் ஒரு காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, முழங்காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். மடக்கி, நீட்டி, கெண்டைக்காலை மேலிருந்து கீழாக நீவி, மறுபடி மடக்கி. கை நிற்கவே இல்லை. மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

"வாத்தா. என்ன சொன்னாக டாக்டரு?"

"தினமும் இப்படிச் செய்யணுமா, மதினி?"

"செய்யலன்னா வெறகுக் கட்ட மாதிரி வெறச்சுக்கிருமாம். காலைல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, இப்ப ஒரு தடவ. ராத்திரில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிரும். அத விடு, டாக்டரு என்ன சொன்னாக?"

பக்கத்து வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நூலை மாற்றியது, துடிப்பு அவளுடையது என்பது, மோர் குடித்தது எல்லாம்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். காலை மெதுவாகக் கட்டிலில் இறக்கி வைத்தாள்.

"இந்தப் பாழாப்போன லைட்டுக்கா? கேட்டா கழட்டிக் குடுத்திருப்பேன்லத்தா" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெஞ்சு படபடப்பு ஆறு மாசமா இருக்கு. இவுகளுக்குத் தெரியாது" என்றாள்.

அண்ணன் கட்டிலில் இருந்தபடியே, "இவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

மதினி ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். போனால் படுக்கச் சொல்வார்கள், படுத்துவிட்டால் இவரை யார் திருப்பிப் போடுவது? ஆறு மாதம் அவள் வாயைத் திறக்காததற்கு இது ஒன்றுதான் காரணம். "நான் பாத்துக்கிர்றேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடப் பொறந்த அண்ணனா இருந்தாச் செய்ய மாட்டேனா?" என்று கத்தினேன். அவளைக் கத்தித்தான் அனுப்ப முடிந்தது. அவள் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பட்டையையும் கழற்றி நூலை அவரவருக்கு மாற்றிக் கட்டினேன். பாப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் போனைப் பட்டென்று வைத்துவிட்டு, ஒரு காரை அனுப்பினாள்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பந்தலுக்கு அடியிலேயே விழுந்திருப்பாளாம். மாத்திரை கொடுத்து நாலு நாள் வைத்துக்கொண்டு, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். மகள் கைப்பிள்ளையோடு வந்து கூட இருந்தாள்.

இங்கே நான் அண்ணனின் காலோடு இருந்தேன். திருப்பிப் போட என் வீட்டுக்காரர் கை கொடுத்தார். கால் மட்டும் என் பாடு. உணர்ச்சி இல்லாத கால் லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈர மண் மூட்டை மாதிரி கனத்தது. சில நேரம் தானாக வெட்டி இழுத்தது. முதல் நாள் தோள் வலித்தது, இரண்டாம் நாள் விரல் மடங்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "போதும்த்தா, விடு" என்று மட்டும் சொல்வார்.

மூன்றாம் நாள் மதியம் மதினி போன் செய்தாள். எடுத்ததும், "ஏத்தா, லைட்டு என்ன கலருல எரியுது?" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். வேலை மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"பச்ச, மதினி."

"அப்பச் சரி. அவுக கால நல்லாத்தான் பாத்துருக்க. போனை அவுககிட்டக் குடு."

கொடுத்தேன். மூன்று நாளாக என்னிடம் நாலு வார்த்தை பேசாத மனுஷன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. இவரும் கட்டில் குலுங்கச் சிரித்தார். அவர் கால் என் மடியில் கிடந்தது. என் கையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் நான் காலை நீவிக்கொண்டே இருந்தேன், அவள்மேல் பொறாமையோடு.